திருப்பிப் போட்ட சதவீதம்

ஓசூரில் ஒரு மின்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி என் அறைத்தோழியாக இருந்தாள். இருவரும் வங்கி கிளார்க் தேர்வுக்குப் படித்தோம். சதவீதக் கணக்கு என்றால் நான் பக்கத்தை நிரப்புவேன். அவள் விடையை மட்டும் எழுதுவாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைகளை மனப்பாடம் செய்கிறாள் என்றே எனக்குச் சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கை நானே உருவாக்கிக் கேட்டேன். "எழுபத்தஞ்சுல முப்பத்திரண்டு சதவீதம் எவ்வளவு?"

"இருபத்தி நாலு."

"எப்பிடிடி?"

"திருப்பிப் போட்டுப் பாரு. முப்பத்திரண்டுல எழுபத்தஞ்சு சதவீதம்னா முக்கால் பங்குதானே? ரெண்டும் ஒண்ணுதான்."

பெருக்கிப் பார்த்தேன். இருபத்து நான்குதான் வந்தது.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

அந்தப் பதிலும் எனக்குச் சரியாகப் படவில்லை. சில கணக்குக்கு மட்டும் ஒத்துவருகிற வழியைச் சொல்லி என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாளோ?

சேலத்தில் தேர்வு. ஐம்பதில் எண்பத்தாறு சதவீதம் கேட்டிருந்தார்கள். திருப்பிப் போட்டதும் நாற்பத்து மூன்று வந்துவிட்டது. ஆனாலும் நம்பாமல் பழைய முறையில் இன்னொரு தடவை போட்டேன். அப்படியே ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்துகொண்டிருந்ததில், பாதிக் கணக்கு மீதமிருக்க மணி அடித்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள், "எல்லாத்தையும் சரிபாத்துட்டே இருந்தியா?"

"ஆமா."

"என்னையா, கணக்கையா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்கு அந்த வருடமே வேலை கிடைத்தது. எனக்கு அதற்கடுத்த தேர்வில்தான்.