வெள்ளியோடு எடுத்த எடை

பதினெட்டு வருஷமாக அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போடுகிறேன். மாதத்தில் ஒரு நாள், ஆத்தங்குடிப் பக்கத்து எங்கள் ஊர்க் குழந்தைகளை ஒவ்வொன்றாக மெஷினில் உட்காரவைத்து, கிலோவைச் செல்போனில் ஏற்ற வேண்டும். பச்சை வந்தால் நிம்மதி. மஞ்சள் வந்தால் கவனிக்கணும். சிவப்பு வந்தால் சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். அன்றைக்கே சமையலையும் பார்த்து, சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களைப் முகத்தைப் பதியப் போனுக்கு முன்னால் நிறுத்தி, கண்ணைச் சிமிட்டச் சொல்லிச் சொல்லி என் கண்தான் பூத்துப்போகும்.

டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். இடுப்பில் ஒன்றேகால் வயது மகள். அந்தப் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண்கொடி, காலில் தண்டை, கழுத்தில் தாயத்து. இதையெல்லாம் கழற்றிவிட்டு எடை போட வேண்டும் என்பது விதி. ஆனால் பிள்ளையின் இடுப்புக்கொடியைக் கழற்றச் சொன்னால் எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு முகம் சுண்டிப்போகும். நானும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"கழட்டுனா காத்துக்கருப்பு அண்டிரும் டீச்சர். அப்படியே போடுங்க" என்றாள்.

சரி போ என்று விட்டுவிட்டேன். வாதாடத் தெம்பில்லை. வெள்ளிக்கு இவ்வளவு என்று தோராயமாகக் கழித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. மாதாமாதம் மஞ்சள் வந்தது. நானும் ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

போன ஐப்பசியில் போன் சிவப்பு காட்டியது. எனக்குச் சுர்ரென்று வந்தது.

"மாவைப் பிள்ளைக்குக் குடுக்குறியா, இல்ல வீட்டுக் கோழிக்குப் போடுறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"பிள்ளைக்குத்தான் டீச்சர்" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் பார்த்தேன். பிள்ளையின் இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும் கிடந்தது.

"கொடி எங்கடி?"

"இடுப்புல நிக்க மாட்டேங்குது டீச்சர். நழுவி நழுவி விழுது. தண்டையும் கழண்டுக்கிட்டு வருது. தொலைஞ்சிரும்னு பெட்டியில வச்சுட்டேன்."

இந்த ஒரு மாதத்தில் மெலிந்த பிள்ளை இல்லை அது. எத்தனை மாதமாகச் சிவப்போ, வெள்ளியையும் சேர்த்துப் பிள்ளையென்று ஏற்றிவைத்திருக்கிறேன்.

எடை குறைந்தால் போன் காரணம் கேட்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். டீச்சரின் தப்பு என்று ஒன்று அதில் கிடையாது. இருந்திருந்தாலும் தொட்டிருப்பேனா, தெரியாது. வயிற்றுப்போக்கைத் தொட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதையே எழுதினேன்.

மறுநாள் நானே அவளோடு பஸ் ஏறினேன். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள், கட்டிலும் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து சீட்டைப் படித்துவிட்டு, "எத்தனை நாளா வயித்தால போகுது?" என்று கேட்டார்.

அவள் முழித்தாள். என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவள் நான். அந்த நேரத்தில் எனக்குச் சுவரைப் பார்க்கத்தான் முடிந்தது.

"பகல்ல நான் பட்டறையில இருப்பேன் டாக்டர்" என்றாள் அவள். "டீச்சர் எழுதியிருக்காகன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."