எச்சில் இலையைப் பிரித்துப் பார்க்கும் ஊர்

திருச்சியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். மக்கும் குப்பையை நாமே உரமாக்கலாம் என்று கூட்டத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான். மூன்று தொட்டி வாங்கி வைத்தோம். ஒரே மாதத்தில் நாற்றம் மூன்றாவது மாடி வரை ஏறியது. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொல்லி மாளாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "முறையாகச் செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வைகாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை விடுப்புப் போட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் குப்பை பார்க்கக் கிளம்பியதற்கு இதுதான் காரணம்.

வழிகாட்ட மும்தாஜ் இருந்தாள். கூத்தாநல்லூர்ப் பெண். எங்கள் வங்கியில் இரண்டு வருடம் தற்காலிக வேலை பார்த்தவள். கல்யாணமாகித் திருவையாற்றுப் பக்கம் ஒரு பேரூராட்சிக்குப் போனாள். இப்போது அங்கேயே பரப்புரையாளர். வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று சொல்வதுதான் வேலை. "வாங்கக்கா, வியாழக்கிழமையே வாங்க, அன்னிக்கு ஒரு விசேஷம் இருக்கு" என்றாள். என்ன விசேஷம் என்று சொல்லவில்லை. ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை; நில விவகாரம் ஒன்று இதில் இருக்கிறது, ஏன் என்று படித்தால் புரியும்.

காலை 6.50க்குத் திருச்சியில் பாசஞ்சர் ரயில், டிக்கெட் பதினைந்து ரூபாய். எட்டு மணிக்கெல்லாம் தஞ்சாவூர். ஸ்டேஷன் எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, ஐம்பத்தைந்து ரூபாய். பழைய பஸ் நிலையத்தில் திருவையாறு டவுன் பஸ் பிடித்தேன்; பதிமூன்று கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணமில்லை, நாற்பது நிமிடம். வழியில் ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வந்து சேராததால் ஐந்திலும் மணல்தான். ஆனால் போர்செட் இருக்கிறவர்கள் குறுவை நெல்லுக்கு ஏற்பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். அங்கங்கே சின்னச் சின்னச் சதுரமாக நாற்றங்கால் பச்சையாக இருந்தது. ஜன்னலோரம் உட்காருங்கள்.

திருவையாற்றில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நூற்றைம்பது ரூபாய், ஏழு கிலோமீட்டர்.

"கோயிலுக்கா மேடம்?" என்றார் ஓட்டுநர்.

"பேரூராட்சி உரக்கிடங்குக்கு."

வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "கச்சேரி கேக்க வர்றவங்கள ஏத்திருக்கேன், கோயிலுக்கு வர்றவங்கள ஏத்திருக்கேன். குப்பை பாக்க வந்த மொத ஆளு நீங்கதான். திரும்பிப் போறப்பவும் கூப்பிடுங்க, நம்பர் தரேன்."

ஊர் எல்லையில் இரண்டு கழகங்களின் கொடிக்கம்பமும் அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. உரக்கிடங்கு வாசலில் கல்வெட்டும் இரண்டு: ஒரு ஆட்சியில் அடிக்கல், மறு ஆட்சியில் திறப்பு. குப்பைக்கு மட்டும் கட்சி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் நான் செய்த முதல் காரியம் மூச்சை இழுத்துப் பார்த்தது. நாற்றமே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மும்தாஜ் என்னை சாந்தியிடம் ஒப்படைத்தாள். கிடங்கின் பொறுப்பாளர் சாந்தி, நாற்பது வயதிருக்கும், பச்சை மேல்சட்டை, கையுறை. அவரையும் சேர்த்து ஒன்பது தூய்மைப் பணியாளர்கள். நடுவில் நீள மேசை. அதன்மேல் முந்தின நாள் கல்யாண மண்டபத்திலிருந்து வந்த எச்சில் இலைகள் மலையாகக் கிடந்தன. நாம் சாப்பிட்டு மடித்து வைத்துவிட்டு எழுந்திருப்போமே, அந்த மடிப்புக் கலையாமல் கிடந்தன. நான்கு பெண்கள் ஒவ்வொரு இலையையும் பிரித்து, விரித்து, உதறி, பிறகுதான் தொட்டிக்குள் போட்டார்கள்.

"ஏங்க ஒவ்வொண்ணாப் பிரிக்கிறீங்க? அப்படியே போட்டா மக்கிடாதா?" என்றேன், பெரிய நிபுணர் மாதிரி.

"அப்படித்தான் போட்டுக்கிட்டு இருந்தோம்க்கா" என்றார் சாந்தி. "எச்சில் எலய யாரு பிரிச்சுப் பாப்பா? மடிச்சு வந்தா மடிச்சபடி தொட்டிக்குள்ள. அதுலதான் எல்லாம் கெட்டுது."

கெட்ட கதை இதுதான். போன வருடம் மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை யாரோ இலைக்குள் வைத்து மடித்துவிட்டார்கள். காலில் குத்தக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்! இலை மக்கியது, கண்ணாடி மக்கவில்லை. அந்த உரம் பக்கத்து வயலுக்குப் போனது. வயலில் யாரும் செருப்போடு இறங்கமாட்டார்கள். நடவு நட்டுக்கொண்டிருந்த லூர்துமேரியின் பாதத்தில் ஒரு துண்டு முழுசாக ஏறிவிட்டது. ஆறு தையல், பன்னிரண்டு நாள் வேலையில்லை, அதுவும் நடவு மும்முரத்தில். லூர்துமேரி இருபது பெண்களை நடவுக்கு அழைத்துப் போகிறவர். பேரூராட்சி உரம் போட்ட வயலில் எங்கள் ஆள் ஒருத்தியும் இறங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டார். அந்த வயல்காரர் கோவிந்தராஜ் வெளியூர் ஆட்களை வைத்து எப்படியோ நடவை முடித்தார். பேரூராட்சி மேல் அவருக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அந்தக் கோபம் எங்கே போய் நிற்கும்? நிலத்தில்தான். கோவிந்தராஜ் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர். உரக்கிடங்கு இருப்பது அவர் வயலை ஒட்டிய வாய்க்கால் புறம்போக்கு. காகிதம் பறந்து வயலில் விழுகிறது, வண்டிப்பாதை அடைபடுகிறது, கிடங்கை அப்புறப்படுத்துங்கள் என்று மனு எழுதி வைத்திருந்தார். நிலக் கணக்கைச் சரிபார்த்து மனு வாங்கும் ஜமாபந்தி மறுநாள்தான் தாலுகா ஆபீசில். கிடங்கை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்றால், அந்தப் பேரூராட்சியில் ஆக்கிரமிப்பில்லாத புறம்போக்கு வேறு இல்லை. வரப்பை ஒரு சாண் வெட்டினாலே கோர்ட் வரைக்கும் போகிற ஊர். சும்மா கிடக்கிற இடத்தை விட்டுவைப்பார்களா?

"இங்க வர்றதுக்கு முந்தி ஆத்தங்கரையிலதான்க்கா கொட்டிப் பிரிச்சோம்" என்றார் சாந்தி. "வெயில், மழ, நாயி. ஒதுங்கறதுக்கு ஒரு மறைவு கிடையாது. இங்க கூரை இருக்கு, குழாய் இருக்கு, பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இருக்கு. நாளைக்கு அந்த மனு போச்சுன்னா பழையபடி ஆத்தங்கரைதான்." சொல்லிக்கொண்டே அடுத்த இலையை எடுத்து விரித்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருடம் இலையை அழகாக மடித்துவிட்டு எழுந்த கை இது என்று நினைக்கையில் வெட்கமாக இருந்தது.

மும்தாஜ் சொன்ன விசேஷம் பத்து மணிக்கு. கோவிந்தராஜின் நாற்றங்கால், எட்டு சென்ட், தண்ணீர் கட்டி உழுது சேறாகக் கிடந்தது. கிடங்கின் புது உரத்தை அதில் இறைத்திருந்தார்கள். நாற்றங்காலில் எருவையும் தழையையும் போட்டுக் காலால் மிதித்துச் சேற்றில் அமிழ்த்துவது வழக்கம். "நீங்க செஞ்ச உரம், நீங்களே வெறுங்கால்ல மிதிச்சுக் காட்டுங்க. அப்பறம் மனுவைப் பத்திப் பேசலாம்" என்று கோவிந்தராஜ் சொல்ல, "ஒம்பது பேரும் மிதிக்கிறோம்" என்று சாந்தி ஒப்புக்கொண்டிருக்கிறார். லூர்துமேரியும் வந்திருந்தார். வரப்பில் செருப்பைக் கழற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பேரூராட்சி செயல் அலுவலர் தேய்த்த பேன்ட்டோடு வந்து நின்றார். "சார் எறங்கலியா?" என்று கோவிந்தராஜ் கேட்டதும் மனிதர் முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அல்லவா நான்? "நானும் வரட்டுமா?" என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் அடி வைத்ததும் சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. இரண்டாவது அடியில், கூடவே இறங்கிய மும்தாஜின் தோளைப் பிடித்தேன். அவளும் என்னோடு சாய்ந்தாள். பதினோரு பேர் சிரித்தார்கள், லூர்துமேரி மட்டும் சிரிக்கவில்லை.

வரிசையாக மிதித்துக்கொண்டு போனோம். பாதி வயல் தாண்டியிருப்போம். என் வலது பாதத்தில் சுருக்கென்று ஏதோ குத்தியது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

சிரிப்புச் சத்தம் அப்படியே நின்றது. சாந்தியின் முகத்தைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. லூர்துமேரி கட்டியிருந்த கையை இறக்கினார். கத்திய வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. ஒரு வருடமாக ஒவ்வொரு இலையாகப் பிரித்தவர்களின் பிழைப்பை, திருச்சியிலிருந்து ரயிலேறி வந்து நான் கெடுத்துவிட்டேனே என்று பதறிப்போனேன்.

கோவிந்தராஜ் நேராக என்னிடம் வந்தார். "காலை எடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு முழங்கை வரை சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவினார். அவர் கையில் கிடைத்ததை அவர் மட்டும்தான் பார்த்தார். நினைத்திருந்தால் கண்ணாடி என்று சொல்லிச் சேற்றிலேயே வீசிவிட்டுப் போயிருக்கலாம். மனு அவர் பக்கம் ஜெயித்திருக்கும். அவரோ அதை வாய்க்கால் தண்ணீரில் அலசி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். உடைந்த நத்தை ஓடு.

"இது என் வயல் நத்தை. பேரூராட்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார்.

எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கை முழுக்கச் சேறு. செயல் அலுவலர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லூர்துமேரி வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கியிருந்தார். யாரையும் பார்க்காமல் நாற்றங்காலின் நான்கு மூலையும் அழுத்தி அழுத்தி மிதித்தார். தையல் போட்ட இடது காலைத்தான் முதலில் வைத்தார். கடைசியில் சாந்தி பக்கம் வந்து, "ஏன் சாந்தி, இந்த எடம் மேடாக் கெடக்குது பாரு. மிதிக்கிறது இப்படியா? நல்லா அமுக்கு" என்றார். அவ்வளவுதான். ஒரு வருடம் பேசாமல் இருந்தவர்கள். பிறகு கோவிந்தராஜிடம், "நாத்து எப்ப பறிக்கிறீங்கன்னு நாலு நாளைக்கு முந்தியே சொல்லுங்கண்ணே. எங்காளுங்களோட வந்துர்றேன்" என்றார்.

"மனு என்ன ஆச்சுண்ணே?" என்று மும்தாஜ் மெல்லக் கேட்டாள்.

"மனு குடுக்காம எப்படி? குடுப்பேன்" என்றார் கோவிந்தராஜ். "கிடங்குக்கு ஒழுங்கா ஒரு வேலி போட்டுக் குடுங்கன்னு மாத்தி எழுதணும். காகிதம் பறக்குறது பறக்குதுதானே?" செயல் அலுவலர் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் கால் வலியே தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இந்த மாதிரி உரக்கிடங்கு டெல்டாவில் நிறையப் பேரூராட்சிகளில் இருக்கிறது. செயல் அலுவலருக்கு ஒரு வாரம் முன்பே கடிதமோ போனோ போட்டால் பார்க்க விடுகிறார்கள், கட்டணமில்லை. திங்கட்கிழமை வேண்டாம், கலெக்டர் ஆபீசில் குறைகேட்பு நாள், யாரும் இடத்தில் இருக்கமாட்டார்கள். முகூர்த்தத்துக்கு மறுநாள் போனால்தான் இலை பிரிப்பதைப் பார்க்கலாம். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் தகரக் கூரை கொதிக்கும். பழைய பருத்திப் புடவை, மாற்றுத்துணி, ஒரு துண்டு எடுத்துப் போங்கள். நான் எடுத்துப் போகாமல் சேற்றோடு பஸ் ஏறியதால், ஒரு சீட் முழுக்க எனக்கே கிடைத்தது. திரும்பும்போது திருவையாற்றில் சூடாக அசோகா அல்வா சாப்பிடத் தவறாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து மூன்று மணிக்கு மேல் திருச்சிக்குப் பஸ் கிடைத்துக்கொண்டே இருக்கும். சாப்பாடு உட்பட மொத்தச் செலவு ஐந்நூறைத் தாண்டவில்லை.

எங்கள் தொட்டி ஏன் நாறியது என்பதற்கும் சாந்தி பதில் சொன்னார்: காய்ந்த சருகு போடவில்லை, கிளறவில்லை. இப்போது நாறவில்லை. ஆனால் கூட்டத்தில் நான் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மண்டபத்துக்குச் சாப்பிடப் போகிறவர்களிடம் ஒன்றுதான் சொன்னேன், உங்களிடமும் அதையே சொல்கிறேன். இலையை மடியுங்கள், மரியாதைதான். மடிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். நாம் மடித்த இலையை ஒரு பெண் பிரித்துப் பார்க்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பினால், இன்னொருத்தி அதை வெறுங்காலால் மிதிக்கிறாள்.