அக்கா வைத்த சந்தனமும் உடைந்த இரண்டு போல்ட்டுகளும்

ஓராண்டு நிறைந்த இந்நாளில் அக்காவின் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இதில் அழுகைக்கு நான் அதிக இடம் வைக்கவில்லை. "எனக்கு புக்கு போட்டா சிரிக்கிற மாதிரி எழுதுடா. வர்றவங்க சோறு தின்னுட்டு நிம்மதியா வூட்டுக்குப் போவட்டும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே அக்கா உத்தரவு போட்டுவிட்டார். அவர் சொல்லை மீறி இந்த வீட்டில் யாரும் பிழைத்ததில்லை.

இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்துக்குள்ளேயே இருக்கும் காட்டு வீட்டில்தான் அக்கா பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருமணம். நான்காம் ஆண்டே மாமா விபத்தில் போய்விட, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். தையல் மிஷின் வாங்கித் தருகிறேன் என்றார் அப்பா. அக்கா கேட்டதோ மினி டிராக்டர். ஆறு மாதம் பிடிவாதம் பிடித்து வாங்கியும் விட்டார். எங்கள் நிலத்தை உழுது, அக்கம்பக்கத்துக்கும் வாடகைக்கு ஓட்டி மகளைப் படிக்க வைப்பது என்பது அவர் கணக்கு. அப்பா மட்டும் அந்த வண்டியோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ள மாட்டேன் என்பதுபோல் நடந்துகொண்டார்.

இரண்டு வருடம் ஓடிய வண்டி, ஒரு ஆடி மாதம், மழை பெய்த மறுநாள் நின்றுபோனது. எஞ்சினுக்கு முன்னால் பெல்ட்டைச் சுழற்றும் புல்லிச் சக்கரத்தில் விரிசல். ஊரே கடலை விதைக்க உழவுக்குக் காத்திருந்தது. ஈரம் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும்.

புல்லியை நான்கு போல்ட்டுகள் பிடித்திருந்தன. அவற்றின் தலையில் ஆறு மூலைக் குழி இருக்கும். அலன் கீ என்கிற ஆறு முனைக் கம்பி அதற்குள் முழுதாக இறங்கினால்தான் கழலும். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன் என்று நான்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கீ பாதிகூட இறங்கவில்லை. நான் விடுவேனா? கீயில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி மிதித்தேன். ஒரு போல்ட்டின் தலை முறிந்து விழுந்தது. அப்போதும் புத்தி வராமல் இன்னொன்றையும் முறித்தேன்.

நல்லம்பள்ளியில் இருந்து வந்த மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "யாருங்க இந்தக் குழிக்குள்ள சந்தனத்த அடைச்சது?" என்று கேட்டார்.

அக்காதான். ஆயுத பூசைக்கு மட்டுமல்ல, வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைப்பார். அந்தக் குழிகள் பொட்டு வைக்கவே செய்தவை என்று நினைத்திருக்கிறார். இரண்டு வருடச் சந்தனம் உள்ளே கல்லாக இறுகி, கழுவிய தண்ணீரில் புல்லியும் துருவேறி ஒட்டிக்கொண்டது.

"எஞ்சினையே எறக்கி கடைக்குக் கொண்டுபோவணும். பத்து நாளாவும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார். அப்பா உடனே பழைய வண்டி வாங்கும் வியாபாரிக்குப் போன் போட்டார். "நாளைக்கு மத்தியானம் வந்து தூக்கிட்டுப் போங்க. சனியன் தொலையட்டும்." அக்காவின் முகம் செத்துப்போனதை அன்று பார்த்தேன். உடைத்தவன் நான் என்பதால் எனக்குச் சோறும் இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அக்கா வெந்நீர் வைத்தார். மீதி இரண்டு போல்ட்டுகளின் குழியில் ஊற்றி ஊற வைத்து, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைப் பொடிப்பொடியாகத் தோண்டி எடுத்தார். கீ முழுதாக இறங்கியது. இரண்டும் சமர்த்தாகக் கழன்றன. புல்லி மட்டும் அசையவில்லை. என்னைப் புதுப் புல்லியும் போல்ட்டும் வாங்கத் தர்மபுரிக்கு விரட்டிவிட்டு, கேட்டும் கிரில்லும் செய்யும் மணியண்ணனை வெல்டிங் மிஷினோடு கூட்டிவந்தார்.

நான் திரும்பியபோது மணியண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "நான் கேட்டு செய்யறவன்மா. இஞ்சின்ல கை வெச்சதே இல்ல."

"கேட்டுல கீலு துரு புடிச்சிக்கிட்டா என்னண்ணா பண்ணுவீங்க?"

"சுத்திலும் சூடு காட்டித் தட்டுவேன்."

"அதையே இங்க பண்ணுங்க. ஒரே எடத்துல தட்டாதீங்க, மாத்தி மாத்தித் தட்டுங்க."

அவர் நெருப்புக் காட்ட, அக்கா மரச் சுத்தியலால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பொறுமையாகத் தட்டினார். புல்லி முனகிக்கொண்டே வெளியே வந்தது. தலை போன இரண்டு போல்ட்டுகளும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நட்டை வைத்து வெல்டிங்கில் பற்ற வைத்துவிட்டால் ஸ்பேனர் பிடிக்குமே என்றார் மணியண்ணன். வெல்டிங் மிஷின் ஓடியது கிணற்று மோட்டாருக்கு வரும் மும்முனைக் கரண்டில்; அதுவோ பதினொரு மணிவரைதான். இரண்டாவது நட்டு ஒட்டிய கையோடு கரண்ட் போனது. சூடு ஆறும்வரை காத்திருந்தோம். அக்கா ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். இரண்டும் எதிர்ப்பே இல்லாமல் சுழன்று வந்தன. அக்கா குதித்த குதியில் மணியண்ணனின் கண்ணாடி கீழே விழுந்தது.

வியாபாரி வந்து இறங்கியபோது புதுப் புல்லியோடு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "குடுக்கறதுக்கு இல்லீங்க. மோரு குடிச்சிட்டுப் போங்க" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் அக்கா இரண்டு காடு உழுது முடித்தார்.

அதன்பின் பதினாறு ஆண்டுகள் அக்கா அந்த வண்டியை ஓட்டினார். அந்த உழவில்தான் மகள் நர்சிங் படித்தாள்; தன் அம்மாவைக் கடைசிவரை அவளே பார்த்துக்கொண்டாள். நோயில் துணை நின்ற மருத்துவர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஊர்ப்பிள்ளைகளுக்கும், காரியத்தன்று பந்தல் போட்டதில் இருந்து பந்தி பரிமாறியது வரை ஓடியாடிய மணியண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வியாபாரியைத் திருப்பி அனுப்பியதற்காக அப்பாவுக்கும் நன்றி எழுதச் சொல்லிவிட்டுத்தான் போனார் அக்கா. எழுதி, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"வண்டி ரிப்பேருன்னு நான் விக்கப் பாக்கல. பொம்பள டிராக்டர் ஓட்டறாளேன்னு ஊருல நாலு பேரு சிரிச்சாங்க, அதுக்குத்தான். அதயும் எழுது. அந்த நாலு பேரு காட்டையும் எம் பொண்ணுதான் உழுது குடுத்தான்னும் எழுது."

எழுதிவிட்டேன், அப்பா.