ஹனீபா மாஸ்டர் கேட்ட நான்கு வரி

திங்கட்கிழமை காலை பாலாவி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர், அச்சுக்கூட வாசலிலேயே நின்று, "ஹனீபா மாஸ்டர் மவுத்தாகிட்டாரு" என்று இறப்புச் செய்தி சொன்னார். கையிலிருந்த அச்செழுத்துகளைக் கொட்டிவிட்டேன். நான் நடத்தும் வாரப் பத்திரிகையில் கூத்து விமர்சனம் என்றாலே அவர்தான்.

கற்பிட்டிப் பக்கத்துக் கோயில் முற்றங்களில் கூத்து நடந்தால், புத்தளத்து வாத்தியாரான அவர் முன்வரிசைக் கதிரையில் இருப்பார். "நல்லாப் பாடினா ஒரு வரி, கெடுத்தா மூணு வரி. அதுதான் நம்மட நியாயம்" என்பார். அந்தக் குறும்பை நாமெல்லோரும் ரசித்தோம். பொய் சொல்வானேன்?

ஒரே ராசா வேடத்தை இருவர் பங்குபோட்டு ஆடுவது நம் வழக்கம். மாம்புரியில் முற்பாதி ராசா சந்தியாகு என்றது நோட்டீஸ். அன்று அவருடைய தோணி பிந்திவிட்டதால் முற்பாதியை ஆடியவர் மற்றவர். முகப்பூச்சில் ஆள் தெரியவில்லை. விமர்சனம் உடனே வேண்டும் என்ற என் அவசரத்துக்காகப் பாதியில் எழுந்து தபாலுக்கு ஓடிய மாஸ்டர், 'சந்தியாகு தொண்டை கட்டிய சேவல்' என்று எழுதினார். நான் சிரித்துக்கொண்டே அச்சேற்றினேன்.

கரையில் சந்தியாகுவைக் கண்டவர்களெல்லாம் சேவல்போல் கூவினார்கள். அவர் ஆடுவதையே விட்டார். விஷயம் அறிந்த மாஸ்டர் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். "பேப்பர்ல வந்தத பேப்பர்லதான் மாத்தோணும், மாஸ்டர். எனக்கிட்டச் சொல்லி என்ன?" என்றாராம் சந்தியாகு.

அன்றிரவே மாஸ்டர் நான்கு வரித் திருத்தம் எழுதித் தந்தார். யுத்தம், காகிதத் தட்டுப்பாடு, பக்கம் குறைந்துவிட்டது என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உண்மையில் பத்திரிகையின் முகம் கெட்டுவிடும் என்று பயந்தேன். "இந்தக் கிழமையாவது வருமா, தம்பி?" என்று வாரந்தோறும் கேட்பார். "வரும், மாஸ்டர்" என்பேன். போன வியாழனும் கேட்டார்.

அடக்கத்தன்று மையவாடி வேலிக்கு வெளியே சந்தியாகு நின்றார். திருத்தத்தைப் போடுகிறேன் என்றேன். "இனிப் போட்டு என்ன, ஐயா? ராசா உடுப்ப வேற ஆளுக்குக் குடுத்திட்டன். அந்த மனுசன் உசிரோட இருக்கக்குள்ள போட்டிருக்கலாமே" என்றார்.

மாஸ்டர் இறந்ததால் இன்று ஒரு பத்தி இடம் கிடைத்திருக்கிறது. அவர் எழுதியதை இதோ தருகிறேன்: 'மாம்புரிக் கூத்தில் தொண்டை கட்டிப் பாடியவர் சந்தியாகு அல்லர். அவர் பாடியதை நான் கேட்கவே இல்லை. கேட்காமல் எழுதினேன். தவறு என்னுடையது.'

முதல் மூன்று வரியும் சந்தியாகுவுக்கு. கடைசி வரியை நான் வைத்துக்கொள்கிறேன்.