மாசிமாவின் சங்கு

பள்ளி திறக்கும் நாள் காலை. ஆஸ்துமா இருக்கும் என் மகள், நியூ டவுன் வீட்டில் மூச்சளக்கும் மீட்டரை ஊதினாள். முள் பச்சைக்கு வந்தால்தான் பள்ளி; அது நகரவே இல்லை. ஆனால் கண்ணில் திருட்டுச் சிரிப்பு.

அந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். சிறுவயதில் எனக்கும் இழுப்பு உண்டு. அப்போது நாங்கள் குடியிருந்த லேக் மார்க்கெட் பகுதியில், சித்தி முறையில் மாசிமா என்று நான் கூப்பிடும் மாடிவீட்டு வங்காளி அம்மா, விடுமுறை முடிந்ததும் என் மூச்சைச் சோதிக்க ஒரு சங்கை நீட்டுவார். சத்தம் வந்தால்தான் பள்ளிக்கூடம். ஒருமுறை வேண்டுமென்றே காற்றை மட்டும் விட்டேன்.

"ஆஹாரே, மூச்சே இல்லையே! இன்னிக்கு மீன் குழம்புதான் மருந்து," என்றார்.

சைவ வீட்டுப் பெண் நான். தெருவே அதிர ஊதினேன்.

என் மகளோ மீன் பைத்தியம். யோசித்துச் சொன்னேன்: "சரிடி, லீவு போட்டுக்கோ. மத்தியானம் மீன் கிடையாது, ரசஞ்சாதம்தான்."

மீட்டரைப் பிடுங்கி ஊதினாள் பாருங்கள், முள் பச்சையில் போய் நின்றது.