புள்ளித்தாளின் இடப்பக்கம்

றெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை முற்பகல், நான் ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் அலுவலகக் கூட்டமொன்றில் இருந்தபோது வந்தது. அவருடைய கணவர் யூஜின் அண்ணை குறுஞ்செய்தி எழுதுகிறவர் அல்ல, அழைக்கிறவர். திரையில் அவர் பெயரைக் கண்டதுமே எழுந்து வெளியே போனேன். "பிள்ளை, முடிஞ்சுது," என்றார். "ஃபாதர் வந்து செபம் சொன்னவர். அதுக்குப் பிறகு கன நேரம் இருக்கேல்லை." கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் இலைகளை இயந்திரத்தால் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் யூஜின் அண்ணையின் அடுத்த வசனம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லும்படி கேட்கத் துணிவு வரவில்லை.

நம்முடைய ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் ஆடியவர்களுக்கும், பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பெற்றோருக்கும் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பதினாறு வருடம் புள்ளி மேசையில் இருந்து, விழுந்த ஒவ்வொரு பந்தையும் தாளில் எழுதியவர் அவர். அடக்கம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. "நல்ல மனுசி. ஆனா கடைசி ஃபைனலில தன்ர விட்பி ஊர்க்காரருக்கு ஒரு கை குடுத்துப்போட்டா." சொன்னவர் கெட்டவர் அல்ல. பலர் நம்புவதை அவரும் சொன்னார். அது பிழை. ஏன் பிழை என்பது உயிரோடிருப்பவர்களில் எனக்குத்தான் முழுவதும் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, தங்கையின் மகளை ஆட்டத்துக்குக் கூட்டிப்போன நாளில்தான் அவரைச் சந்தித்தேன். நேரம் பார்க்க வேண்டியவர் வரவில்லை. மேசையில் தனியாக இருந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, உமக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப இரும். இண்டைக்கு உம்மட நேரம் எங்கட நேரம்."

அன்றிலிருந்து நான் அவருக்கு இடப்பக்கத்துக் கதிரை. பந்து கூடைக்குள் விழுந்ததும் நான் மின்பலகையில் புள்ளியை ஏற்றுவேன், அவர் தாளில் எழுதுவார். தாளின் இடப்பக்கம் ஓர் அணிக்கு, வலப்பக்கம் மற்ற அணிக்கு. பேனையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. பலகையும் தாளும் வேறுபட்டால் தாளே சரி என்பது லீக்கின் விதி. நடைமுறையில் அது வேறு விதமாக விளங்கிக்கொள்ளப்பட்டது: அக்கா பிழைவிட மாட்டார்.

அவர் டூராம் பக்கத்துப் பள்ளிப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் வேலை செய்தார். மன்னாரில் படித்த காலத்தில் பாடசாலைக்கு வலைப்பந்து ஆடியவர். இங்கே வந்த பிறகு, தெற்கே அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறைக் கூடைப்பந்து லீக் தொடங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். "பொம்பிளையளுக்கு விளையாடச் சம்பளம் குடுக்கினம் எண்டோன்ன இவ சோறு வைக்க மறந்துபோனா," என்று யூஜின் அண்ணை இன்னமும் முறைப்பாடு சொல்வார். அன்று முதல் ஒவ்வொரு வருடத்து இறுதிப்போட்டியும் அக்காவின் மனதில் இருந்தது. ஆட்டம் முடிந்து மின்பலகையின் கம்பிகளைச் சுருட்டும்போது செபமாலை உருட்டுவதுபோல வரிசையாகச் சொல்லுவார். யார் வென்றார்கள் என்பதோடு அவருடைய வரிசை நிற்காது. யார் தோற்றார்கள், வென்ற அணி பிறகு என்ன ஆனது என்பதும் சேர்ந்தே வரும்.

அந்தப் பின்பகுதிதான் என்னைக் கலங்கவைக்கும். முதல் நான்கு கிண்ணங்களையும் தொடர்ந்து எடுத்தது ஹூஸ்ரன். அந்த அணி இன்று இல்லை, கலைத்துவிட்டார்கள். சக்ரமென்ரோ ஒருமுறை வென்றது. நாலு வருடத்தில் அதுவும் போய்விட்டது. அதே காலத்தில் போட்டியாக நடந்த இன்னொரு லீக், மூன்றாவது பருவத்தின் நடுவில், நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாள் முன்பு மூடப்பட்டது. "அந்த வருசத்துக்கு ஆரும் சம்பியன் இல்லை," என்பார் அக்கா. "பாதியில நிண்டது நிண்டதுதான். அரைவாசி எழுதின பேப்பர் எங்கயோ ஒரு மேசையில கிடந்திருக்கும்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழும்.

டிற்றோயிற்றுக்கு ஒருமுறை இறுதிப்போட்டி பார்க்க யூஜின் அண்ணையையும் இழுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போயிருக்கிறார். அந்த நகரம் வென்ற வருடம் அது. எல்லாரும் எழுந்து ஆடிக்கொண்டிருக்க அக்கா இருந்த இடத்திலேயே இருந்தாராம். ஏன் என்று கேட்டேன். "கிண்ணத்தைத் தூக்கேக்க எனக்குப் பயம் வரும், பிள்ளை. உயரத் தூக்கினதிலதான் எல்லாற்ற கண்ணூறும் படும்," என்றார். பின்னாளில் அந்த அணியும் ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டது. ரொறன்ரோவுக்கென்று ஒரு தொழில்முறைப் பெண்கள் அணி வருகிறது என்ற செய்தி வந்தபோது மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் துள்ளினார்கள். அக்கா முதல் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு எடுத்துவைத்தார். சந்தோசம்தானே என்று கேட்டதற்கு, "சந்தோசந்தான். ஆனா புது அணியைக் கண்டா எனக்கு அதின்ர கடைசி நாள்தான் முதலில கண்ணுக்குள்ள வருது," என்றார். சகுனம் பார்ப்பவர் என்று அப்போது மனதுக்குள் சிரித்தேன். சகுனம் எனக்குப் பக்கத்திலேயே இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, அவருடைய காரின் இடப்பக்கக் கண்ணாடி நாடா சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. "பார்க்கிங்கில ஆரோ இடிச்சுப்போட்டான்," என்றார். அடுத்த மாதம் இடக் காதில் தோடு இல்லாமல் வந்தார். இடைவேளையில் புட்டும் கறியும் சாப்பிடும்போது தட்டின் வலப்பாதி துடைத்ததுபோல இருக்க, இடப்பாதி தொடாமல் கிடந்தது. "இண்டைக்குக் குறைச்சுப் போட்டுக்கொண்டு வந்திட்டன்," என்று மூடியைப் பூட்டினார். மூடிக்குள் பாதிப் புட்டு இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

பிறகு தாளிலும் அது வந்தது. தைமாத ஆட்டமொன்றில் பலகையில் இருபத்தொன்று, தாளின் இடப்பக்கத்தில் பத்தொன்பது. அக்கா தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில், என் பேனையால் விடுபட்டதை எழுதினேன். அடுத்த ஞாயிறு இரண்டு இடத்தில் எழுதினேன். எப்போதும் இடப்பக்கம். வலப்பக்கத்தில் ஒரு புள்ளியும் தவறவில்லை. அவர் சொல்லும் சம்பியன் வரிசையில் ஒரு வருடமும் தவறவில்லை. ஞாபகம் இவ்வளவு கூர்மையாக இருக்கிறவருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். லீக்கை நடத்தும் குகன் அண்ணை தாளை விட்டுவிட்டு ரப்லெற் கணினிக்கு மாறவேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அக்காவை மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். அவர் விட்பியிலிருந்து நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டி வருகிறார் என்பதை நினைத்த ஞாயிறுகளும் உண்டு. அன்றும் பேசவில்லை. வீடு சேர்ந்துவிட்டாரா என்று மட்டும் அழைத்துக் கேட்பேன். "ஓம், ஓம், வந்திட்டன். நீர் என்ன என்ர மாமியாரோ?" என்பார்.

பங்குனியில் இறுதிப்போட்டி. ஸ்ரௌவ்வில் என்ற ஊரின் பிள்ளைகளுக்கும் விட்பிப் பிள்ளைகளுக்கும் இடையில். தாளில் ஸ்ரௌவ்வில் இடப்பக்கம், விட்பி வலப்பக்கம். முதல் இரண்டு பகுதியிலும் விடுபட்டவற்றை முன்போலவே நிரப்பினேன். மூன்றாம் பகுதி முடிந்த இடைவேளையில் மறுபடி பேனையை நீட்டினேன். அக்கா சட்டென்று திரும்பினார்.

"என்ன, என்ர பேப்பரில கை வைக்கிறீர்?"

"இல்லையக்கா, ஒண்டு விடுபட்டிருக்கு."

"நான் விடுறேல்லை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்த குரல் அது. தாளை எனக்கு எட்டாமல் தன் வலப்பக்கத்துக்கு இழுத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தபோது பலகை ஸ்ரௌவ்விலுக்கு நாற்பத்தேழு, விட்பிக்கு நாற்பத்தாறு என்று காட்டியது. ஸ்ரௌவ்வில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். நடுவர் காவ்யா, தமிழ்நாட்டிலிருந்து வந்து மார்க்கத்தில் கணினி வேலை செய்யும் பெண், தாளில் கையெழுத்து வைக்கக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"அக்கா, போர்டுல நாப்பத்தேழு. ஷீட்ல நாப்பத்தஞ்சுதான் இருக்கு. எது கரெக்ட்?"

"என்ர பேப்பர் சரி," என்றார் அக்கா.

காவ்யா என்னைப் பார்த்தார். குகன் அண்ணையும் வந்து நின்றார். "பிள்ளை, நீர் சொல்லும். போர்ட்டோ பேப்பரோ?"

அக்காவின் வலக்கை பேனையை இறுக்கிப் பிடித்திருந்தது. இடக்கை மேசையின் விளிம்பில், அவருடையது அல்லாத ஒரு பொருள்போலக் கிடந்தது. நான் சொன்னேன், "நான்தான் போர்ட்டில ரெண்டுதரம் அமத்தியிருப்பன்."

அதோடு முடிந்தது. நானே பிழையை ஏற்றபிறகு எவரும் எந்த வீடியோவையும் தேடவில்லை. கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் எப்படி அடங்கியது என்பதை நான் எழுதப்போவதில்லை. கிண்ணம் விட்பிக்குப் போனது. அக்காவின் வீடும் விட்பியில். அந்தப் பேச்சு அன்று மாலையே பிறந்திருக்க வேண்டும்.

சித்திரை கடைசியில் அவர் சமையலறையில் விழுந்தார். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. யூஜின் அண்ணைக்கு வைத்தியர் விளக்கியபோது நானும் கூட இருந்தேன். கண்ணில் பழுதில்லை, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே இவருடைய மூளைக்குத் தெரியாது என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். "இப்பதான், டொக்டர். ஒரு கிழமை இருக்கும்," என்றார் யூஜின் அண்ணை. பிறகு அண்ணையை நடைபாதைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி, தோடு, புட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. "நானும் தோட்டைக் கண்டனான்," என்று மட்டும் சொன்னார். முந்தியே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வைத்தியரிடம் இருவரும் கேட்கவில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.

ரொறன்ரோ அணி முதல் ஆட்டம் ஆடிய கிழமை அவர் சத்திரசிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். நுழைவுச்சீட்டு வீணானது. பிறகொரு நாள் பிற்பகல் மருத்துவமனைத் தொலைக்காட்சியில் அவர்களுடைய ஆட்டம் ஒன்றை நாங்கள் சேர்ந்து பார்த்தோம். சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏன் பிள்ளை, இவை எல்லாரும் ஒரு பக்கத்துக்கே ஓடுகினம்?" அவரே விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆட்டத்தின் இடைவேளையில், "அண்டைக்குப் போர்ட் சரி, என்ன?" என்றார்.

"ஓமக்கா."

"உமக்குத் தெரியும்."

"தெரியும். உங்களை மேசையிலயிருந்து எழுப்பிப்போடுவினம் எண்டு பயந்திட்டன்."

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நான் அவருடைய இடப்பக்கத்தில் இருந்தேன். "எழுப்பியிருக்கோணும்," என்றார். பிறகு, "அந்தப் பிள்ளையளிட்டச் சொல்லும். என்னால ஏலாது. நீர் சொல்லும்," என்றார்.

நான் உடனே சொல்லவில்லை. அவர் குணமாகட்டும், அவரையும் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று கோடை முழுவதும் தள்ளிப்போட்டேன். அந்தப் பேச்சு காதில் விழுந்த மறுநாள்தான் ஸ்ரௌவ்வில் அணியின் தலைவி மிதுலாவைத் தேடிப் போனேன். இங்கே பிறந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அது என்ர பாஸ்கெட், அன்ரி," என்றாள். "எனக்கு உள்ள போனது தெரியும். பட், அக்கா எழுதேல்லை எண்டா நான்தான் ரோங் எண்டு நினைச்சன். லைக், அவ பிழைவிடமாட்டா தானே. சமர் முழுக்க நான் என்னையே நம்பேல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். கிண்ணத்தைப் பற்றிக் குகன் அண்ணையோடு பேசுகிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். "கப் பரவாயில்லை. எங்கயாவது எழுதுவீங்களா? நான் போட்டது எண்டு?"

எழுதுகிறேன். பங்குனி மாத இறுதிப்போட்டியின் மூன்றாம் பகுதியில் ஸ்ரௌவ்வில் அணியின் மிதுலா எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. இரண்டு புள்ளி. பலகையில் ஏற்றியது நான். ஸ்ரௌவ்வில் வென்றது. றெஜினா அக்கா எவருக்கும் கை கொடுக்கவில்லை. தாளின் அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த நான் வாய் திறக்கவில்லை.

வருகிற ஞாயிறு லீக் மறுபடி தொடங்குகிறது. அக்காவின் கதிரையில் என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் நேரம் பார்க்க ஒரு புதுப் பெண் வருகிறாள். அக்காவின் சம்பியன் வரிசையில் பாதிகூட எனக்கு நினைவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒற்றைச் சொல்தான்: எழுப்பியிருக்கோணும். ஆட்டம் தொடங்க நடுவர் பந்தை மேலே எறிவதற்கு முன்பு அந்தப் பெண்ணிடம் சொல்லப்போகிறேன்: "பிள்ளை, நான் எழுதாம விட்டா எல்லாருக்கும் கேக்கச் சொல்லும். நான் கோவிப்பன். அப்பவும் சொல்லும்."