கழுவாத பானை

ரொட்டி சுடுவதற்காக வளர்த்த புளித்த மாவை மகள் எங்கள் செம்மேட்டு வீட்டு ஃபிரிட்ஜில் மறந்துவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டாள். பாட்டில் மூடியைத் திறந்தால் மேலே கறுப்புத் தண்ணீர். செத்திருக்குமோ என்று முகர்ந்தேன். நான் பிறந்த வளப்பூர் நாட்டில் அம்மா கூழுக்குக் கேழ்வரகு மாவு கரைத்து வைத்த பானையின் அதே வாசம்.

அந்தப் பானையை அம்மா கழுவவே மாட்டாள். அடியில் ஒட்டிய பழைய மாவுதான் புதியதைப் புளிக்க வைக்கும். அதில் ஒரு கை மாவை யாருக்காவது கொடுத்தாலும் வீட்டின் புளிப்பே போய்விடும் என்பது அவள் நம்பிக்கை. பக்கத்து வீட்டு அத்தை வந்தால், பானையை மறைத்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது பானை காய்ந்து பூசணம் பூத்திருந்தது. கழுவிப் புது மாவு கரைத்தும் புளிக்கவில்லை. அத்தை ஒரு சொம்பில் புளித்த மாவு கொண்டுவந்தாள்.

"இதை ஊத்திப் பாருங்க அண்ணி."

அம்மா முகர்ந்தாள். "இது எங்க ஊட்டுப் புளிப்பாச்சே. எப்ப எடுத்தே?"

"நீங்க தண்ணிக்குப் போனப்பத்தானுங்க," என்றாள் அத்தை, கூசாமல்.

அம்மா சொம்பைப் பானையில் கவிழ்த்தாள். அதன்பிறகு தண்ணீருக்குப் போகும்போது கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள். திரும்பியதும் பானைக்குள் எட்டிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

மகளின் பாட்டிலில் கோதுமை மாவு கரைத்து வைத்தேன். காலையில் குமிழ்கள் எழும்பியிருந்தன. இதைச் சாகவிடாமல் வைத்திருப்பேன் என்று எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. பாதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.